அது ஆஃப்சைடு இல்லை

5 பிப்ரவரி 2024

முழங்கால் 62 டிகிரி மடங்குகிறது. வலி பத்துக்கு ஏழு.

இதை எழுதத்தான் இந்த நோட்டு. இடது காலில் புது மூட்டு வைத்து இருபது நாள் ஆகிறது. பிசியோதெரபி செய்கிற ஷபானா, தினமும் எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு வலிக்கிறது என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள். முப்பத்து நான்கு வருடம் அரசுப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஊரையே ஓடவிட்டவள் நான். இப்போது இருபத்தாறு வயதுப் பெண் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று காலைப் பிடித்து அழுத்த, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

தம்பி அல்போன்ஸ் காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தான். பொன்மலைப்பட்டியில் எங்கள் வீடு. கீழே நான், மாடியில் அவனும் அவன் மனைவி ரீட்டாவும். காலை எட்டு மணிக்கு முதல் தோசை கீழே எனக்கு வந்துவிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் என்னிடம் வந்துவிடுவான். ரீட்டா சீரியல் பார்ப்பதால் என்று காரணம் சொல்வான்.

7 பிப்ரவரி

64. வலி ஏழு.

அடுத்த கட்டிலில் புதிதாக ஒருவர். இரண்டு தோளும் இறுகிப்போய், கை காதுக்கு மேல் போக மாட்டேன் என்கிறது. நரைத்த மீசை. என்னையே இரண்டு மூன்று தடவை பார்த்தார். பிறகு, "நீங்க செலின்தானே? லெஃப்ட் விங்?" என்றார்.

கால்பந்தில் நான் ஆடிய இடத்தைச் சொல்லி ஒருவர் என்னைக் கூப்பிட்டு நாற்பது வருடமாவது இருக்கும். சந்தோஷமாக, நீங்கள் யார் என்று கேட்டேன். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், பெயர் திருஞானமாம். "தஞ்சாவூர் ஃபைனல்ல நான்தான் ரெஃப்ரி" என்றார்.

அதற்குப் பிறகு அளந்தபோது 69. கோபத்தில் ஐந்து டிகிரி கூடியிருக்கிறது.

8 பிப்ரவரி

68. வலியைக் கவனிக்கவில்லை.

எழுதியே விடுகிறேன். 1982, மாவட்டங்களுக்கு இடையிலான பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டம், தஞ்சாவூரோடு. எனக்கு இருபது வயது. நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது நடுவிலிருந்து பந்து வந்தது, ஓடினேன், இடது காலால் அடித்தேன், வலைக்குள் போனது. விசில். ஆஃப்சைடாம். பந்து என் காலுக்கு வந்தபோது நான் எல்லாரையும் தாண்டி முன்னால் இருந்தேன், உண்மைதான். ஆனால் பந்தை நடுவிலிருந்து எனக்கு அடித்த நொடியில் அவர்களுடைய கடைசித் தடுப்பாட்டக்காரியைத் தாண்டாமல்தான் நின்றேன். அந்த நொடிதான் முக்கியம். இது சட்டப் புத்தகத்தைப் படித்த எவருக்கும் தெரியும், விசில் வைத்திருந்தவரைத் தவிர.

தோற்றோம். அன்று மாலை மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். என் பெயர் இல்லை. அடுத்த மாதம் அப்பா, ஆடினது போதும் என்று சொல்லி உடற்கல்விப் பயிற்சியில் சேர்த்துவிட்டார். மாநிலச் சட்டையை நான் போடவேயில்லை.

இதையெல்லாம் இன்று அந்த மனிதரிடம் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "ஆஃப்சைடு ஆஃப்சைடுதான் டீச்சர்" என்றார்.

14 பிப்ரவரி

77. வலி ஐந்து.

திருநீற்றுப் புதன். காலைப் பூசைக்குப் போய், நெற்றியில் சாம்பலோடு பிசியோதெரபிக்குப் போனேன். அந்த மனிதர் ஒரு பையில் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார். வீட்டு மரத்தில் காய்த்ததாம், வீணாகப் போகிறதாம். ஷபானா எங்கள் இருவரையும் பார்த்து, இன்று என்ன நாள் தெரியுமா என்று சிரித்தாள். திருநீற்றுப் புதன் என்றேன். அவள் இன்னும் அதிகமாகச் சிரித்தாள்.

கொய்யா நன்றாக இருந்தது. ரீட்டாவுக்கு ஒன்று கொடுத்தேன். அல்போன்ஸுக்குக் கொடுக்கலாம் என்று நினைப்பதற்குள் தீர்ந்துவிட்டது.

19 பிப்ரவரி

86.

இன்று அவர் படம் போட்டுக் காட்டினார். கட்டில் விரிப்புதான் மைதானம். எடைக்கட்டிகள் தஞ்சாவூர் அணி, தைலப் புட்டி நான். கோல் கம்பமாக ஷபானாவின் இரண்டு கைகள். அவர் தைலப் புட்டியை முன்னால் நகர்த்தினார், நான் பின்னால் இழுத்தேன். அவர் நகர்த்த, நான் இழுக்க, மூடி கழன்று மைதானம் முழுக்கத் தைலம். கழுத்துவலிக்குப் படுத்திருந்த ஓர் அம்மா, இவர்களுக்கு எத்தனை வருடமாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று ஷபானாவிடம் கேட்டாராம்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த மூன்று வரன்களும் பந்தை விடச் சொன்னார்கள், நான் வரனை விட்டேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அவர் மனைவி இறந்து ஒன்பது வருடமாம். ஒரே மகள் கயல்விழி, ஓசூரில். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

28 பிப்ரவரி

98. வலி மூன்று.

அல்போன்ஸைக் கொண்டுவந்து விட வேண்டாம் என்றேன். ஆட்டோவில் போவது காலுக்கு நல்லது என்றேன். எப்படி நல்லது என்று கேட்டான். ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.

பிசியோதெரபி முடிந்ததும் எதிர்க் கடையில் டீ. அவருக்குச் சர்க்கரை இல்லாமல், எனக்கு இரட்டைச் சர்க்கரை. கடைக்காரருக்குச் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

5 மார்ச்

அவர் வராத நாள். கால் மடங்கவேயில்லை. ஷபானாதான் விஷயத்தைச் சொன்னாள். அவருக்குத் தோள் சிகிச்சை இரண்டு வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டதாம், இதற்கு மேல் கை உயராதாம். "சும்மாதான் வர்றாரு டீச்சர். நானும் சும்மா கைய அசைச்சு விடுறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். புளி போட மறந்துவிட்டேன். அல்போன்ஸ் அதையே ஊற்றிச் சாப்பிட்டான்.

11 மார்ச்

டிகிரி பார்க்கவில்லை.

டீக்கடையில் அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர், நம்ம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயி தனித்தனியா சமைச்சு, தனித்தனியா சாப்பிடுறோம். எனக்கு அது சரியாப் படல" என்றார். புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அது அவரிடம் எடுபடவில்லை. "கல்யாணத்தைப் பத்திதான் சொல்றேன்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இது சின்ன விஷயமா? அறுபத்திரண்டு வயது. நான் மாதா கோயில், அவர் முருகன் கோயில். நான்கு நாளாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோ நகர்வதற்குள் தலையை வெளியே நீட்டிச் சரி என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் கேட்டுவிட்டார். நாளைக்கு எந்த முகத்தோடு டீ குடிப்பது?

13 மார்ச்

அல்போன்ஸிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டான். "இந்த வயசுல ஊர் சிரிக்கும்கா" என்றான். சிரித்தால் சிரிக்கட்டும், நானே மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். மாடிக்குப் போய்விட்டான். ஐம்பத்தெட்டு வயது ஆண், படிகளில் அவ்வளவு சத்தம் போட்டு ஏற வேண்டியதில்லை.

கொஞ்ச நேரத்தில் ரீட்டா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊராவது ஒண்ணாவது. நீங்க போயிட்டா ராத்திரி யார் கூட உக்காந்து சாப்பிடுறதுன்னு அழுவுறார் அண்ணி" என்றாள்.

20 மார்ச்

அவருக்குப் பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனோம். கயல்விழி போனில் சம்மதம் சொல்லிவிட்டாளாம். ஈஸ்டர் முடிந்ததும் பதிவு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம் என்று பேசினோம். அவர் முகம் சரியில்லை. பிரஷர் என்று நினைத்தேன்.

"டீச்சர், அது ஆஃப்சைடு இல்ல."

அதைத்தானே நாற்பத்திரண்டு வருடமாகச் சொல்கிறேன் என்று சிரித்தேன்.

"விளையாட்டுக்குச் சொல்லல. கோட்டோரம் நின்ன லைன்ஸ்மேன் கொடியத் தூக்கவே இல்ல. நான் அவசரப்பட்டு ஊதிட்டேன். அன்னைக்குச் சாயந்தரமே அவர் எங்கிட்ட சொல்லிட்டார், சுத்தமான கோல்னு. எனக்கு இருபத்தி நாலு வயசு, முதல் பெரிய மேட்ச். தப்புன்னு ஒத்துக்கிட்டா இனிமே கூப்பிட மாட்டாங்கன்னு பயந்து பேசாம இருந்துட்டேன். இதைச் சொல்லாம உங்கள ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போக மனசு வரல."

அன்று மாலை. மாநில அணிக்கு ஆள் எடுத்த அதே மாலை. அப்போதே இவருக்குத் தெரியும்.

எழுந்தேன். நடந்தேன். பாதி வழியில்தான் ஊன்றுகோலைக் கடையிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கவில்லை.

21 மார்ச்

பிசியோதெரபிக்குப் போகவில்லை.

24 மார்ச்

குருத்தோலை ஞாயிறு. அவர் போன் ஐந்து முறை. எடுக்கவில்லை. ஊன்றுகோலை யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கூடவே கொய்யாப்பழம் இல்லை. இருந்திருந்தால் தெருவில் வீசியிருப்பேன்.

31 மார்ச்

ஈஸ்டர். ரீட்டா பிரியாணி செய்தாள். அல்போன்ஸ் பெரிய துண்டு கறியை என் தட்டில் வைத்தான். கல்யாணம் நின்றுபோனதில் அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஆளைப் போய் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டுமா என்றான். எதற்கு என்றேன். இன்னொரு துண்டு கறி வைத்தான்.

4 ஏப்ரல்

ஒன்றை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நாற்பத்திரண்டு வருடம் ஆஃப்சைடு இல்லை, இல்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை, யாரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஐம்பது வயதுக்குப் பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கண்ணை மூடினால் சில நாள் நான் முன்னால் நிற்பது போலத் தெரியும். தோற்றவள் சொல்லிக்கொள்கிற கதைதானோ என்று நினைத்ததுண்டு.

அது கோல்தான். நான் அடித்தது கோல்தான்.

இதை எனக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவரும் சொல்லாமலே இருந்திருக்கலாம். நான் சரி என்று சொன்ன பிறகு, எதற்காகச் சொல்ல வேண்டும்?

கோபம் போகவில்லை. ஆனால் இன்று குளிக்கும்போது பாடினேன்.

7 ஏப்ரல்

மதியம் கனகவல்லி போன் செய்தாள். எங்கள் அணியின் கோல்கீப்பர். இப்போது உறையூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். இன்று பழைய ஆட்டக்காரர்களின் வருடாந்தரக் கூட்டமாம். நான் போகவில்லை.

அவள் சிரித்துச் சிரித்துப் பேசியதில் பாதிதான் புரிந்தது. புரிந்த வரை நடந்தது இது. நன்றியுரைக்கு முன்னால் திருஞானம் மேடை ஏறி மைக்கைப் பிடித்திருக்கிறார். 1982 ஃபைனலில் செலின் அடித்தது நல்ல கோல், தவறாக விசில் ஊதியது நான், ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று, இதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். செயலாளர் பேனாவைத் திறக்கவில்லை. தஞ்சாவூர் பக்கத்திலிருந்து வந்திருந்த எண்பது வயதுப் பயிற்சியாளர் எழுந்து நின்று, அதெல்லாம் முடிந்த கதை, கோப்பையைத் திருப்பித் தர மாட்டோம் என்று சத்தம் போட்டிருக்கிறார். கோப்பை யாருக்கு வேண்டும், எழுதுங்கள் என்று இவர். செயலாளர் எழுதிக் கையெழுத்துப் போடும் வரை மைக்கை விடவில்லையாம். கேசரி ஆறிப்போனதாம்.

"ஒரு மணி நேரம்டி. அந்த மனுஷன் நின்ன இடத்த விட்டு அசையல. மைக்கப் பிடிச்ச கை வலிச்சுதுன்னு இந்தக் கைக்கு மாத்துறார், அந்தக் கைக்கு மாத்துறார்" என்றாள் கனகவல்லி.

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். ரீட்டா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

8 ஏப்ரல்

ஊன்றுகோல் இல்லாமல் அவர் வீட்டுக்கு நடந்தே போனேன். இரண்டு தெரு தாண்டி, ரேஷன் கடைக்குப் பின்னால். முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். கொடிக்கயிற்றைத் தன் கை எட்டும் உயரத்துக்கு, நெஞ்சளவில் தாழ்த்திக் கட்டியிருந்தார். வேட்டியின் ஓரம் தரையில் புரண்டுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சில் பாதி மறந்துபோயிற்று.

என்னிடம்தான் சொல்லியாயிற்றே, கூட்டத்தில் எதற்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உங்ககிட்ட மட்டும் சொன்னா எப்படி டீச்சர்? விசில் அடிச்சது எல்லார் முன்னாடியும்தானே."

நான் வேட்டியின் இன்னொரு முனையைப் பிடித்து உதறினேன்.

"எனக்குக் கோவம் இன்னும் இருக்கு சார்."

"இருக்கட்டும்."

"கல்யாணத்துக்கு அப்புறமும் இருக்கும்."

"அப்ப கல்யாணம் இருக்கு?" என்றார். வேட்டி அவர் கையிலிருந்து மண்ணில் விழுந்தது. மறுபடி அலச வேண்டியதாயிற்று. நான்தான் அலசினேன்.

22 ஏப்ரல்

பதிவு அலுவலகம். வேறு வேறு மதம் என்பதால் தனிச் சட்டமாம். பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டி, முப்பது நாள் காத்திருக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம்.

கணினி முன்னால் இருந்த எழுத்தர் என் தொழில் என்ன என்று கேட்டார். ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த இவர் முந்திக்கொண்டு, "கால்பந்து வீராங்கனைன்னு போடுங்க" என்றார். எழுத்தர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளை முடி, கையில் தண்ணீர் பாட்டில், காலில் வலிக்கான பட்டை. நான் நிமிர்ந்து நின்றேன். தட்டினார்.

பலகையில் ஒட்டும் வரை நின்று பார்த்தோம்.

26 ஏப்ரல்

அறிவிப்பைப் பார்க்கக் கனகவல்லி எங்கள் பழைய அணியிலிருந்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனாளாம். பலகை முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். காவலர் வந்து, இங்கே கூட்டம் போடக் கூடாது என்று விரட்டும் வரை நின்றார்களாம்.

30 ஏப்ரல்

காலையில் அல்போன்ஸ் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து கிளம்பினான். எங்கே என்று கேட்டதற்கு, பதிவு அலுவலகத்துக்கு என்றான். எதற்கு என்று கேட்பதற்குள் கார் போய்விட்டது. ஆட்சேபம் எழுதிக் கொடுக்கத்தான் போகிறான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கீரை ஆய உட்கார்ந்தேன். தண்டைத் தட்டில் வைத்து இலையைக் குப்பையில் போட்டேன். ரீட்டாவும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே செய்தாள்.

பன்னிரண்டு மணிக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னக்கா கவனிச்சீங்க? உங்க வயசு ஐம்பத்திரண்டுன்னு போட்டிருக்கான். தப்பா இருந்தா நாளைக்குக் கல்யாணம் செல்லாதுன்னு யாராவது சொல்லிட்டா என்ன பண்றது? ஒரு மணி நேரம் நின்னு மாத்திட்டு வந்தேன்."

அந்த ஐம்பத்திரண்டை நான் அன்றைக்கே பார்த்துவிட்டேன். அரசாங்கம் செய்கிற எல்லாத் தவறையும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்று விட்டிருந்தேன். இதை அவனிடம் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சாட்சிக்கு மூன்று பேர் வேண்டுமாமே, ஆள் இருக்கிறதா என்று சுவரைப் பார்த்துக் கேட்டான். இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றேன். கனகவல்லி, ஷபானா, கயல்விழி என்று மூன்று பேர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"ஆதார் கார்டு கொண்டு போகணுமாம்" என்றான். சட்டைப்பையில் வைத்திருந்தான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இனி நீயும் ரீட்டாவும் அவர் வீட்டுக்கு வந்துவிடுங்கள், இரண்டு தெருதானே என்றேன். ரீட்டா, சீரியல் என்னாவது என்றாள். அங்கேயும் டிவி இருக்கிறது என்றேன்.

24 மே

கல்யாணம் ஆகிவிட்டது.

பச்சைப் பட்டு கட்டினேன். அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கயல்விழி போட்டுவிட்டாள். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்து, கடைசியில் "டீச்சரம்மா" என்றாள். ஷபானா சாட்சி இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே வீடியோ எடுத்தாள். அல்போன்ஸ் முத்துப் போன்ற கையெழுத்தில் பெயரை முகவரியோடு எழுதினான்.

கையெழுத்துக்குப் பதிவேட்டை என்னிடம் நீட்டினார்கள். போட்டேன். அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அம்மா, இது மாப்பிள்ளை போடுற இடம்" என்றார். அதை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் வாங்கி, சரியான இடத்தில் மறுபடி போடச் சொன்னார். சிரித்ததில் இரண்டாவது கையெழுத்து கோணல்மாணலாக வந்தது. ஒரே ஆளை இரண்டு தடவை கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

25 மே

காலை ஆறு மணி. மைதானம் வரை நடந்துவிட்டு வரலாம் என்கிறார். அலமாரியின் மேல்தட்டில் இருந்த அவருடைய தொப்பியை நான் எடுத்துக் கொடுத்தேன், அவருக்குக் கை எட்டாது. என் ஷூவுக்கு நான் குனிய முடியாது. தரையில் உட்கார்ந்து கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு முடிச்சுப் போடுகிறார். முடித்துவிட்டார். போகிறோம்.